செத்தவர் பேச மறுக்கிறார்!

ஃபேன்டசி ரோல்-பிளேயிங் கேம்களில் கிளைக்கதை எழுதுகிறவர்களின் பட்டறைக்குள் ஒரு சுற்று

'பால்டர்ஸ் கேட் 3' கேமில் இறந்தவர்களோடு பேச ஒரு மந்திரம் உண்டு. சடலத்தின் முன் நின்று அதைப் போட்டால் சடலம் எழும். ஐந்து கேள்விகள் கேட்கலாம். ஆனால் அந்த ஆளைக் கொன்றதே நீங்கள்தான் என்றால்? வாயே திறக்காது! தன்னைக் கொன்றவரிடம் அது எதற்காகப் பேச வேண்டும்? சரி, வேஷம் மாற்றும் மந்திரத்தைப் போட்டு, வேறு முகத்தோடு வந்து நின்று கேட்டுப் பாருங்கள். அதே சடலம் சமத்தாகப் பதில் சொல்லும்!

முதன்முறை இதைப் பார்த்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். "கொன்றவரே வந்து கேட்டால் என்ன ஆகும்?" என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். அதோடு விடாமல், "அவர் மாறுவேடத்தில் வந்தால்?" என்றும் யோசித்திருக்கிறார். நமக்குத் தோன்றப்போகும் குறும்பை நமக்கு முன்பே யோசித்துவிட்டு, அதற்கும் பதில் எழுதி வைத்துவிட்டுக் காத்திருக்கும் இந்த எழுத்தாளர்கள் எப்படித்தான் வேலை செய்கிறார்கள்? வாருங்கள், பட்டறைக்குள் போய்ப் பார்த்துவிடலாம். (ஒரு எச்சரிக்கை: வழியில் சில கேம்களின் கதை முடிச்சுகள் அவிழும்!)

மிரட்டும் கணக்கு

'பால்டர்ஸ் கேட் 3'-ஐ உருவாக்கியது பெல்ஜியத்தின் கெண்ட் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட லாரியன் ஸ்டுடியோஸ். 2023 ஆகஸ்ட் 3 அன்று கணினிக்கு வந்தது. வெளியீட்டுக்கு முன்பே நிறுவனம் சொன்ன எண்கள் தலைசுற்ற வைத்தன: 174 மணி நேரக் காட்சிகள், முடிவுகளில் 17,000 மாறுபாடுகள்!

பதினேழாயிரமா? இதை யார் உட்கார்ந்து எழுதுவது? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் பயம் இன்னும் கூடும். ஒவ்வொரு தேர்விலும் கதை இரண்டாகப் பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபதே தேர்வுகளில் 10,48,576 கதைகள் வேண்டியிருக்கும். உலகத்தில் எந்தக் குழுவாலும் அது ஆகாது.

அதனால்தான் பட்டறையின் முதல் ரகசியம் இது: பிரிந்த கதையை மறுபடி சேர்த்துவிடுவார்கள். ஜடை பின்னுவது போலத்தான். இழைகள் பிரியும், தாண்டும், ஓரிடத்தில் கூடும், மறுபடி பிரியும். சாம் கபோ ஆஷ்வெல் என்ற படைப்பாளி 2015-ல் இத்தகைய கதைகளின் வடிவங்களை வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டினார். பிரிந்துகொண்டே போய்ச் சேராமலே முடியும் வடிவத்துக்கு 'டைம் கேவ்' என்று பெயர் வைத்தார். எட்வர்ட் பேக்கர்ட் 1979-ல் எழுதிய, வாசகரே வழியைத் தேர்ந்தெடுக்கும் 'தி கேவ் ஆஃப் டைம்' புத்தகம்தான் அந்தப் பெயருக்கு மூலம். பிரிந்து பிரிந்து சேரும் வடிவம் 'பிராஞ்ச் அண்ட் பாட்டில்நெக்'. பெரிய ரோல்-பிளேயிங் கேம்களின் கதையில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வடிவத்தைத்தான் பார்க்கலாம்.

அந்தப் பதினேழாயிரமும் பதினேழாயிரம் தனித்தனிப் படங்கள் கிடையாது. யார் பிழைத்தார், யாரைக் காதலித்தீர்கள், யாரை ஏமாற்றினீர்கள், நகரம் என்ன ஆனது என்ற துண்டுகள் ஒன்றோடொன்று கூடிப் பெருகும் எண்ணிக்கை அது. துண்டுகளைத்தான் எழுதுகிறார்கள். அவற்றைச் சேர்ப்பது நாம்!

ஒரு பொய், மூன்று வரி

எல்லாக் கதையும் கடைசியில் ஒரே இடத்தில் சேருமென்றால் நாம் தேர்ந்தெடுத்ததற்கு என்ன மதிப்பு? பட்டறையில் எனக்கு மிகப் பிடித்த கருவி இங்கேதான் வருகிறது. அதன் பெயர் 'ஃப்ளாக்'. நீங்கள் ஒன்றைச் செய்ததும் கேம் தன் கணக்கில் போட்டுக்கொள்ளும் ஒரு சின்ன அடையாளம்.

ஒரு காட்சியை நாமே எழுதிப் பார்ப்போமா? கோட்டை வாசல். காவல்காரி வழி மறிக்கிறாள். உங்கள் முன் மூன்று வழிகள்: சண்டை போடலாம், காசு கொடுக்கலாம், "ராணியம்மா வரச் சொன்னாங்க" என்று பொய் சொல்லலாம். எதைச் செய்தாலும் கதவு திறக்கும், கதை கோட்டைக்குள் போகும். பாதை பிரியவே இல்லை. ஆனால் பொய் சொன்னவருக்கு மட்டும் ஒரு ஃப்ளாக் விழுகிறது.

பத்து மணி நேரம் கழித்து ஊர்ச் சந்தையில் அதே காவல்காரி. கையில் ஈட்டி இல்லை, உடம்பில் சீருடை இல்லை. "ராணி செத்து அன்னைக்கே மூணு நாளாச்சு. அது தெரியாம உங்க முகத்தைப் பார்த்து நம்பினேன். வேலை போயிடுச்சு."

மூன்றே வரி! கதையின் பாதை அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் விளையாடுபவர் அந்தப் பொய்யை இனி மறக்க மாட்டார். கிளைக்கதையின் உயிர் பாதைகளின் எண்ணிக்கையில் இருப்பதாக வெளியிலிருந்து பார்த்தால் தோன்றும். பட்டறைக்குள் வந்தால்தான் தெரிகிறது, அது நினைவாற்றலில் இருக்கிறது என்று. நீங்கள் செய்ததைக் கேம் பார்த்துக்கொண்டிருந்தது, மனதில் வைத்திருந்தது, சரியான நேரத்தில் எடுத்துச் சொன்னது. இந்தக் கலையின் மொத்தச் சந்தோஷமும் அதுதான்.

இதற்கென்றே பிறந்த எழுத்துக் கருவிகள்கூட இருக்கின்றன! பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் ஜான் இங்கோல்டும் ஜோசப் ஹம்ஃப்ரியும் தொடங்கிய 'இங்கிள்' நிறுவனம், ஸ்டீவ் ஜாக்சனின் 'சோர்சரி!' சாகசப் புத்தகங்களைக் கேமாக்கியது. தங்கள் கதைகளை எழுத அவர்கள் உருவாக்கிய 'இங்க்' என்ற நிரல்மொழியை 2016-ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். பார்த்தால் நாடக வசனம் மாதிரிதான் இருக்கும். வரியின் முன் நட்சத்திரம் போட்டால் அது ஒரு தேர்வு. அம்புக்குறி போட்டால் கதை வேறிடம் தாவும். சிறு கோடு போட்டால் பிரிந்த கிளைகள் அங்கே கூடும். இதையெல்லாம்விட அழகு, கதையின் எந்தப் பகுதிக்கு நீங்கள் எத்தனை முறை வந்தீர்கள் என்பதை எழுத்தாளர் சொல்லாமலே இங்க் எண்ணி வைத்துக்கொள்ளும். நினைவாற்றல் மொழியிலேயே ஊறியிருக்கிறது!

யாருமே பார்க்காத காட்சி

லாரியனின் பட்டறையில் 'என் பிளஸ் ஒன்' என்று ஒரு கொள்கை உண்டு. ஒரு பிரச்சினைக்கு எத்தனை தீர்வு யோசித்து வைத்தாலும், அதற்கு மேல் ஒன்று இருந்தாக வேண்டும். ஏனென்றால் அவர்களுடைய கேம்களில் எதிரே வருபவர் யாராக இருந்தாலும் பெரும்பாலும் கொன்றுவிடலாம். முக்கியமான துப்பை ஒரு கிழவர் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தால், விளையாடுபவர் கிழவரையே முடித்துவிட்டால்? துப்பு அவர் பையில் கடிதமாக இருக்க வேண்டும், அல்லது வேறொருவர் வாயில் வர வேண்டும், அல்லது கிழவரின் சடலமே சொல்ல வேண்டும்!

இந்தக் கொள்கை எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு ஒரு கதை. 'பால்டர்ஸ் கேட் 3'-ல் 'டார்க் அர்ஜ்' என்ற பாத்திரமாக விளையாடினால், உங்களுக்குள் ஒரு கொலைவெறி குடியிருக்கும். ஓர் இரவு ஆல்ஃபிரா என்ற பாடகி உங்கள் முகாமுக்கு வந்து தங்குவாள். காலையில் உங்கள் கை முழுக்க ரத்தம். அவள் செத்துக் கிடப்பாள். நீங்கள் தேர்ந்தெடுக்கவே இல்லை, அதுதான் அந்தக் காட்சியின் கொடூரம்.

விஷயம் தெரிந்தவர்கள் அவளைக் காப்பாற்ற ஒரு வழி கண்டார்கள். முன்னதாகவே அவளை உயிர் போகாமல் அடித்து மயக்கிவிட்டால் அவளால் முகாமுக்கு வர முடியாதே! கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் எழுத்தாளர்கள் இங்கேயும் முந்திக்கொண்டார்கள். அன்றிரவு அவளுக்குப் பதிலாக, டிராகன் இனத்தைச் சேர்ந்த குவில் க்ரூட்ஸ்லாங் என்ற இன்னொரு பாடகி முகாமுக்கு வந்து நிற்பாள். அவளுக்கென்று பெயர், குரல், வசனம் எல்லாம் உண்டு. ஒரு பாத்திரம் முழுக்க முழுக்க, ஆல்ஃபிராவால் வர முடியாமல் போன ஆட்டங்களுக்காகவே படைக்கப்பட்டிருக்கிறது! மற்றவர்கள் கேமை முடித்தாலும் அவளைப் பார்க்கவே மாட்டார்கள்.

கேல் என்ற மந்திரவாதித் தோழர் செத்துப்போனால் அவருடைய மாய உருவம் தோன்றி, தன்னை உயிர்ப்பிக்கும் முறையைப் படிப்படியாக ஒப்பிக்கும். கேலைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அந்த அட்டகாசம் தெரியவே தெரியாது.

பெரிய கிளைகளும் உண்டு. கதையின் முதல் பகுதியில், அகதிகளாக வந்த டீஃப்லிங்குகள் ட்ரூயிட்களின் தோப்பில் தஞ்சம் புகுந்திருப்பார்கள். தாக்க வரும் காப்ளின்களோடு கைகோத்து, மின்தாரா என்ற தளபதியின் பக்கம் நின்று அந்தத் தோப்பை நீங்கள் அழித்துவிடலாம். கேம் தடுக்காது. ஆனால் கார்லாக், வில் என்ற இரண்டு தோழர்களும் உங்களோடு இருக்க மாட்டார்கள். அவர்களுக்கென்று எழுதப்பட்ட மணிக்கணக்கான கதை உங்கள் ஆட்டத்திலிருந்து அப்படியே போய்விடும். எழுதிய உழைப்பையெல்லாம் எட்டிப் பார்க்கவிடாமல் மூடிவைக்க எத்தனை துணிச்சல் வேண்டும்! ஆனால் நம் தேர்வுக்கு எடை வருவதே அந்தத் துணிச்சலால்தான்.

தாமதமாக வரும் ரசீது

இனி போலந்து. வார்சாவின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2007-ல் 'தி விட்சர்' கேமை வெளியிட்டபோது ஒரு பழைய தொல்லையை அழகாகத் தீர்த்தது. தேர்வின் விளைவு பிடிக்கவில்லையா? பழைய 'சேவ்' கோப்பை லோட் செய்து வேறு பதிலை அழுத்திவிடுவார்கள் எல்லோரும். இதற்கு அவர்கள் கண்ட மருந்து, விளைவைத் தள்ளிப்போடுவது!

ஆற்றங்கரையில் சில பெட்டிகளைக் காவல் காக்கும்போது, எல்ஃப் கிளர்ச்சியாளர்கள் அவற்றைக் கேட்டு வருவார்கள். கொடுத்துவிட்டீர்களா? ஒன்றும் ஆகாது. கதை நகரும். பல மணி நேரத்துக்குப் பிறகு, உங்களுக்குத் தேவையான ஒரு தகவலாளி அவர்களுடைய அம்புகளால் செத்துக் கிடப்பான். இப்போது எந்த 'சேவ்' கோப்பை லோட் செய்வீர்கள்? இந்த ஒரு யோசனையால் விளையாடுபவர் தேர்வுகளோடு வாழப் பழகிவிட்டார்.

2015-ல் வந்த 'தி விட்சர் 3'-ல் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். ஒரு மரத்தடியில் சிறைப்பட்ட ஆவியை விடுவித்தால், சதுப்புநிலத்துக் குழந்தைகள் பிழைக்கும். ஆனால் 'ப்ளடி பேரன்' என்ற குறுநிலத் தலைவனின் மனைவி இறப்பாள். அவனும் தூக்கில் தொங்குவான். ஆவியைக் கொன்றால் மனைவி உயிரோடு இருப்பாள், குழந்தைகள் பிழைக்காது. நல்லது, கெட்டது என்று பெயர் எழுதிய இரண்டு கதவுகளை வைப்பது சுலபம். இரண்டிலும் யாரோ ஒருவர் நம் மனதுக்கு வேண்டியவர் நிற்கும்படி எழுதுவதுதான் கலை!

ஒரே வாக்கியம், இரண்டு பொத்தான்

கடைசி அறைக்கு வந்துவிட்டோம். எனக்கு இங்கேதான் பரவசம் தாங்கவில்லை. 1999-ல் கிறிஸ் அவலோன் தலைமையில் பிளாக் ஐல் ஸ்டுடியோஸ் உருவாக்கிய 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்'. சுமார் எட்டு லட்சம் ஆங்கிலச் சொற்களால் கட்டிய கதை என்பார்கள். அதில் ஒரே வாக்கியம் சில இடங்களில் இரண்டு முறை வரும். ஒன்றின் முன் 'உண்மை' என்று போட்டிருக்கும், இன்னொன்றின் முன் 'பொய்'. எதிரே நிற்பவர் காதில் விழுவது ஒரே சொற்கள்தான். ஆனால் நீங்கள் எந்த மனதோடு சொன்னீர்கள் என்பதைக் கேம் தனியாகக் குறித்துக்கொள்ளும்! நாக்கைத் தாண்டி மனதையே தேர்வாக்கிய எழுத்து அது.

அந்தக் கேமின் நாயகனுக்குத் தன் பெயர் நினைவில்லை. யாராவது கேட்டால் 'அடான்' என்று ஒரு பொய்ப் பெயரைச் சொல்லலாம். பலரிடம் அதையே சொல்லிக்கொண்டே போனால் என்ன ஆகும் தெரியுமா? நம்பிக்கையே நிஜமாகும் உலகம் அது. ஒரு நாள் மதுக்கடையில் அடான் என்ற பெயரில் நிஜமாகவே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார்! உங்கள் பொய் ஒரு மனிதரைப் பெற்றுவிட்டது. ஒரு ஃப்ளாக்கைக் கொண்டு இதைவிட அழகான ஒன்றை யாரும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

தேர்வின் சொற்களில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை லாரியனும் காட்டியது. 2020 தொடக்கத்தில் 'பால்டர்ஸ் கேட் 3'-ஐ முதன்முதலாக ஆடிக் காட்டியபோது, தேர்வுகள் எல்லாம் "நான் அவரிடம் கேட்டேன்" என்று இறந்தகாலத்தில் இருந்தன. நடந்து முடிந்ததைப் படிக்கிற உணர்வு! ரசிகர்கள் சொன்னதைக் கேட்டு, அதே ஆண்டு முன்னோட்டப் பதிப்பு வருவதற்குள் எல்லாவற்றையும் நிகழ்காலத்துக்கு மாற்றினார்கள். "கேட்டேன்" என்பதில் கதை முடிந்துவிடுகிறது. "கேள்" என்பதில் அது நம் கைக்கு வருகிறது.

இத்தனையும் பார்த்தபின் கை துறுதுறுக்கவில்லையா? துறுதுறுத்தால் அடக்காதீர்கள். இங்க் இலவசம். கிறிஸ் க்ளிமஸ் 2009-ல் உருவாக்கிய 'ட்வைன்' கருவியும் இலவசம், நிரல் தெரிய வேண்டியதில்லை. அது கதையை இணையப் பக்கமாகவே சேமிப்பதால் தமிழிலேயே எழுதலாம். டிராகன், சாம்ராஜ்யம் எல்லாம் பிறகு வரட்டும். முதலில் ஒரு கதவு, இரண்டு பேர், ஒரு பொய். எழுதி முடித்ததும் உங்கள் நண்பரை விளையாட வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். நீங்கள் நினைக்காத ஒன்றை அவர் செய்யப் பார்ப்பார், "இது ஏன் முடியல?" என்பார். உடனே அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் அடுத்த காட்சி அதுதான்!