மே லீவில் 'பெர்மாகல்ச்சர் கேம்ப்': பிள்ளைகள் என்ன கத்துக்கறாங்க? அனுப்பும் முன் என்ன கேட்கணும்?

கோடை விடுமுறை நெருங்கினாலே நீச்சல், கராத்தே, கீபோர்டு, கோடிங் என்று பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் போஸ்டர்கள் குவிய ஆரம்பிச்சிடும். இப்போது அந்த வரிசையில் இன்னொரு பெயரும் தென்படுகிறது: 'பெர்மாகல்ச்சர் கேம்ப்'. மூணு நாளோ ஒரு வாரமோ பண்ணையில் தங்கல், மண்ணில் வேலை, கையில் மொபைல் கிடையாது. சில பள்ளிகள் தாங்களே மாணவர்களை அழைத்துப் போகின்றன.

போஸ்டரில் 'நிலைத்தன்மை', 'இயற்கையோடு இணைதல்' என்றெல்லாம் இருக்கும். ஆனால் அங்கே உண்மையில் என்ன சொல்லித் தருகிறார்கள்? காசு கொடுத்து அனுப்பும் அளவுக்கு அதில் விஷயம் இருக்கா? பிள்ளைக்குப் பாதுகாப்பா? விரிவாகப் பார்க்கலாம்.

பெர்மாகல்ச்சர் என்றால் என்ன?

ஆங்கிலத்தில் 'நிரந்தரம்', 'வேளாண்மை' என்ற பொருள் தரும் இரண்டு சொற்களை ஒட்டி உருவான பெயர் இது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவைச் சேர்ந்த பில் மோலிசனும், அப்போது மாணவராக இருந்த டேவிட் ஹோம்கிரெனும் 1970-களில் இதை உருவாக்கினார்கள். இருவரும் சேர்ந்து எழுதிய 'பெர்மாகல்ச்சர் ஒன்' புத்தகம் 1978-ல் வெளிவந்தது. தமிழில் 'நிலைத்த வேளாண்மை', 'நிரந்தர வேளாண்மை' என்றெல்லாம் எழுதுகிறார்கள். எந்தப் பெயரும் இன்னும் முழுசாக ஒட்டவில்லை. காரணம், இது வேளாண்மை மட்டும் இல்லை. வீடு, தண்ணீர், குப்பை, சமையலறை எல்லாமே இதற்குள் வருகிறது.

சுருக்கமாச் சொன்னா, காடு தன்னைத் தானே எப்படி நடத்திக்கொள்கிறதோ, அதைப் பார்த்து நம் தோட்டத்தையும் வீட்டையும் வடிவமைப்பது. காட்டுக்கு யாரும் உரம் போடுவதில்லை, தண்ணீர் பாய்ச்சுவதில்லை. உதிர்ந்த இலை உரமாகிறது, மரத்தடி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. மண்ணைக் காப்பது, மனிதரைக் காப்பது, மிஞ்சியதைப் பகிர்வது என்ற மூன்றும் இதன் அடிப்படை அறங்கள்.

இந்தியாவுக்கு இது புதுசும் இல்லை. 1980-களிலேயே மோலிசன் இங்கே வந்து பயிற்சி கொடுத்திருக்கிறார். தெலங்கானாவின் பஸ்தாபூர் அதன் ஆரம்பகால மையங்களில் ஒன்று. 2017-ல் சர்வதேச பெர்மாகல்ச்சர் மாநாடு ஹைதராபாத் பகுதியில்தான் நடந்தது.

முகாமில் என்னதான் செய்வார்கள்?

நல்ல முகாம் என்றால் முதல் நாளே கையில் மண்வெட்டி வராது. நிலத்தைப் பார்க்கச் சொல்வார்கள். வெயில் எந்தப் பக்கம் இருந்து விழுது, காற்று எங்கிருந்து வருது, மழை பெய்தால் தண்ணீர் எந்த வழியா ஓடும் என்று பிள்ளைகளே சுற்றி வந்து வரைபடம் போட வேண்டும்.

அடுத்து வருவது 'ஏ' சட்டம். மூன்று குச்சி, ஒரு கயிறு, ஒரு கல். இவ்வளவுதான் கருவி. ஒரே உயரமுள்ள இரண்டு குச்சிகளை மேலே சேர்த்துக் கட்டி, நடுவில் குறுக்கே ஒரு குச்சி கட்டினால் ஆங்கில எழுத்து 'ஏ' மாதிரி நிற்கும். உச்சியிலிருந்து கயிற்றில் கல்லைத் தொங்கவிட வேண்டும். சட்டத்தை நிறுத்தி, கால்கள் ஊன்றிய இடத்தைத் தரையில் குறித்துக்கொண்டு, கயிறு குறுக்குக் குச்சியைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. பிறகு இரண்டு கால்களையும் இடம் மாற்றி நிறுத்தி, இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் சரியான நடுப்புள்ளிதான் 'மட்டம்'. அதற்கப்புறம் சரிவான நிலத்தில் சட்டத்தைத் தூக்கி எங்கே வைத்தாலும், கயிறு அந்த நடுப்புள்ளியில் நின்றால் இரண்டு கால்களும் ஒரே உயரத்தில் இருக்கின்றன என்று அர்த்தம்.

அப்படியே ஒரு காலை ஊன்றி, மறு காலைச் சுழற்றி, ஒவ்வொரு அடியிலும் முளை அடித்துக்கொண்டே போனால், சமமாகத் தெரியும் நிலத்தில்கூட வளைந்து நெளிந்து ஒரு கோடு கிடைக்கும். அதுதான் சம உயரக் கோடு. அந்தக் கோட்டில் பள்ளம் தோண்டி, மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் போட்டு வரப்பாக்கினால், ஓடி வரும் மழைநீர் அங்கே நின்று நிதானமாக மண்ணுக்குள் இறங்கும். 'ஸ்வேல்' என்று பெர்மாகல்ச்சர்காரர்கள் சொல்வது இதைத்தான். பூகோளப் பாடத்தில் மனப்பாடம் பண்ணின சம உயரக் கோட்டைக் காலால் நடந்து பார்க்கிற வேலை இது. நம்மைக் கேட்டால், இந்த ஒரு பயிற்சி ஒழுங்காக நடந்தாலே பாதிக் கட்டணம் வசூலாகிவிடும்.

கணக்கும் உண்டு. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 1,000 சதுர அடி மாடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர். ஒரே இரவில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 4,650 லிட்டர். சிந்தியது, தெறித்தது போக 80 சதவீதம் பிடித்தாலும் 3,700 லிட்டருக்கு மேல். தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்த எண் புரியாமல் போகாது. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமாக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால், தன் வீட்டுத் தொட்டி இப்போ எந்த நிலைமையில் இருக்குன்னு போய்ப் பார்க்கத் தோன்றும்.

மூன்றாவது, உரக்குவியல். காய்ந்த இலை, வைக்கோல் ஒரு அடுக்கு. பச்சைக் கழிவு, சாணம் ஒரு அடுக்கு. கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம், காற்று போதவில்லை. காய்ந்த இலையைச் சேர்த்துக் கிளறணும். சரியாகப் போட்ட குவியல் சில நாட்களிலேயே 55 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும். உள்ளே சொருகிய இரும்புக் கம்பியை இழுத்துத் தொட்டுப் பார்க்கும்போது பிள்ளைகள் கத்தாமல் இருக்க மாட்டார்கள். நுண்ணுயிர் என்று பாடத்தில் படித்தது உயிரோடுதான் இருக்கு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இது நம்ம பாட்டி செஞ்சதுதானே?

இந்தக் கேள்வி எல்லா முகாமிலும் வரும். வர வேண்டிய கேள்விதான். பெர்மாகல்ச்சரில் நிலத்தை 0 முதல் 5 வரை மண்டலங்களாகப் பிரிப்பார்கள். 0 என்பது வீடு. தினமும் போய்ப் பறிப்பது 1-ல், பழ மரமும் கோழிக்கூண்டும் 2-ல், வயல் 3-ல் என்று விலகிப் போய், 5 என்பது மனிதர் கை வைக்காத காடு. நம் ஊர்ப் பழைய வீடுகளில் கறிவேப்பிலை கொல்லைக் கதவு ஓரத்திலும், வாழை குளிக்கிற தண்ணீர் போய்ச் சேரும் இடத்திலும் நின்றது இதே கணக்குதான். யாரும் அதற்கு எண் போடவில்லை, அவ்வளவுதான். (தமிழ் படித்தவர்களுக்கு உடனே ஐந்திணை ஞாபகம் வரும். ஆனா அது வேற. திணை என்பது நிலத்தின் இயல்பைப் பார்த்துப் பிரித்தது. மண்டலம் என்பது நாம் அங்கே எத்தனை தடவை போகிறோம் என்பதை வைத்துப் பிரித்தது.)

பல நாட்டுப் பழங்குடி, விவசாயி மக்களின் அறிவை எடுத்துத் தொகுத்து, 72 மணி நேரச் சான்றிதழ் படிப்பாக்கி விற்கிறார்கள் என்ற விமர்சனம் இந்த இயக்கத்தின் மேல் உலகம் முழுக்க இருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது. அதே சமயம், பாட்டிக்குத் தெரிந்தது பேத்திக்கு வரவில்லை என்பதும் உண்மை. அடுக்குமாடியில் வளர்கிற பிள்ளைக்கு யாராவது ஒருத்தர் முறைப்படி சொல்லித் தர வேண்டியிருக்கு. தமிழ்நாட்டில் அந்த வேலையை இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் முன்பே தொடங்கிவிட்டார். கரூர் மாவட்டம் கடவூர் பக்கம் அவர் உருவாக்கிய வானகத்தில், 2013 டிசம்பரில் அவர் மறைந்த பிறகும் பயிற்சிகள் நடந்தன. ஆரோவில்லில் 2003 முதல் இயங்கும் சாதனா வனம், வறண்ட நிலத்தில் வரப்பு வெட்டி, மழைநீரைத் தேக்கி, நம் கடற்கரைப் பகுதிக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டை மீட்டெடுக்கும் இடம். திருவண்ணாமலையின் மருதம் பண்ணைப் பள்ளியிலோ தோட்டமும் மலையும் விடுமுறைச் சுற்றுலா அல்ல, அன்றாட வகுப்பின் பகுதி.

மே மாதத்தில் மரம் நடலாமா?

இங்கேதான் பல முகாம்கள் கோட்டை விடுகின்றன. கடைசி நாள் ஆளுக்கொரு மரக்கன்று, குரூப் போட்டோ, முடிந்தது. அக்னி நட்சத்திர வெயிலில் நட்ட கன்றுக்கு அடுத்த இரண்டு மாதம் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? ஆடிப்பட்டம் தேடி விதை என்று ஊரில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. 

அதனால் மே மாதம் என்பது நிலத்தைப் பார்க்க, வரப்பு வெட்ட, உரக்குவியல் போட, விதை சேகரிக்க ஏற்ற காலம். நடுவதற்கு இல்லை. மழைக்கு முன்னே பள்ளம் தயாராக இருந்தால், அதே பிள்ளைகள் ஆடியிலோ ஐப்பசியிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நடலாம். அப்படி ரெண்டாவது தடவை கூப்பிடுற முகாம் என்றால் நம்பலாம்.

மூணு நாளில் என்ன மாறிடும்?

ஓரளவு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஆறாம் வகுப்பு மாணவர்கள் 255 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2005-ல் வெளியானது. ஒரு வாரம் வெளிப்புறப் பள்ளியில் தங்கியவர்களின் அறிவியல் மதிப்பெண் 27 சதவீதம் உயர்ந்திருந்தது. 6 முதல் 10 வாரம் கழித்துச் சோதித்தபோதும் அந்த முன்னேற்றம் குறையவில்லை. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் நீடிக்குமா என்பதை இந்த ஒரு ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. அது பெர்மாகல்ச்சர் முகாம் அல்ல, பொதுவான இயற்கைக் கல்வி முகாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு மாநிலமான ஓரிகனில் நடந்தது நமக்கு ரொம்பவே முக்கியம். 2016 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, மாநில லாட்டரி வருமானத்தின் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கினார்கள். ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றும், பணக்கார வீடோ ஏழை வீடோ, ஒரு வாரம் வெளிப்புறப் பள்ளிக்குப் போக வழி செய்வதுதான் நோக்கம்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு?

கட்டண முகாம்களுக்குப் போவது பெரும்பாலும் நகரத்துத் தனியார் பள்ளிப் பிள்ளைகள்தான். ஆனால் இதற்குத் தேவையான எல்லாமே அரசுப் பள்ளி வளாகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. பெரிய கூரை, விளையாட்டு மைதானம், வேப்ப மரத்துச் சருகு, சத்துணவுக் கூடத்துக் காய்கறிக் கழிவு. 200 பேர் தட்டும் கையும் கழுவ ஆளுக்கு ஒரு லிட்டர் என்று வைத்தால்கூட நாளுக்கு 200 லிட்டர் தண்ணீர். ஒரு வாழைக் குழிக்கு வேறென்ன வேணும்?

திட்டங்களும் இருக்கின்றன. தேசிய பசுமைப் படை 2001-02 முதல் பள்ளிகளில் சூழல் மன்றங்களை நடத்துகிறது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் பிளஸ்-டூ மாணவர்களுக்கு ஏழு நாள் சிறப்பு முகாமே உண்டு. பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கு மத்திய அரசு 2019-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்த ஏழு நாளில் ரோடு பெருக்கி, பேரணி போவதோடு நிறுத்தாமல், ஒரு 'ஏ' சட்டம் செய்து பள்ளி மைதானத்தின் சரிவை அளந்தால் செலவு கயிற்றுக் காசுதான்.

அனுப்பும் முன் என்ன கேட்கணும்?

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், பள்ளி வளாகத்திலேயே நடந்த போலி என்.சி.சி முகாமில் மாணவிக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமை மாநிலத்தையே உலுக்கியது. 'பள்ளியே நடத்துது, அப்புறம் என்ன' என்ற நம்பிக்கை மட்டும் போதாது என்பதை அதற்குப் பிறகு தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நடத்துவது எந்த அமைப்பு, எங்கே பதிவு செய்தது, பயிற்சியாளர்கள் யார், இரவில் பிள்ளைகளோடு யார் தங்குகிறார்கள், பெண் பொறுப்பாளர்கள் எத்தனை பேர் என்று பெயரோடு எழுத்தில் கேளுங்கள். மொபைல் கொண்டுபோகக் கூடாது என்பது சரி. ஆனால் பிள்ளை நினைத்த நேரத்தில் அம்மா, அப்பாவிடம் பேச வழி இருக்க வேண்டும். அதற்கு மறுக்கும் இடத்துக்கு அனுப்பாதீர்கள்.

முகாமில் மலையேற்றமும் சேர்ந்திருந்தால் வனத்துறை அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. பண்ணை என்றால் பாம்பு, தேள் இருக்கும். பாம்புக்கடிக்கு மருந்து வைத்திருக்கும் மருத்துவமனை எத்தனை கிலோமீட்டரில், இரவில் வண்டி நிற்குமா என்பதைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். கிணறும் குட்டையும் உள்ள இடமென்றால், வேலி இருக்கிறதா, நீச்சல் தெரிந்த ஆள் கூடவே இருப்பாரா என்பதையும்.

குழந்தை திரும்பி வந்ததும் 'ஜாலியா இருந்துச்சா' என்பதோடு விடாமல், எங்கே படுத்தது, யார் கூட இருந்தார்கள், பிடிக்காதது எதாவது நடந்ததா என்று பொறுமையாகப் பேச விடுங்கள். சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. முகாமில் இருக்கும்போதே உடல்நிலை அவசரம் என்றால் 108. இந்த இரண்டு எண்களையும் பிள்ளைக்கும் மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள்.