லேலண்டும் டெல்டாவும் – 11: விசிறிக்கு வெல்டிங் கூடாது

பஸ் கொதிக்கிறது என்றால் எல்லோரும் முதலில் ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அடுத்து மூடி, அதற்கடுத்து ஹோஸ் பைப். விசிறியை யாரும் பார்ப்பதில்லை. அதுதான் சுற்றிக்கொண்டிருக்கிறதே என்ற நினைப்பு. பட்டுக்கோட்டைப் பட்டறை ஒன்றில் பழைய லேலண்ட் பஸ்ஸின் விசிறியைக் கழற்றி வேறு மாட்டியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். இந்த வாரம் முழுக்க அதைப் பற்றியே எழுதுகிறேன். காரணம், இந்த வேலையில் செய்யும் ஒரு சின்னச் சிக்கனம் ஆள் உயிரைக் கேட்டுவிடும்.

வண்டி எழுபதுகளில் பதிவானது. 370 இன்ஜின். இந்த எண்ணைக் குதிரைத்திறன் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆறு சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு, கன அங்குலத்தில். நம் கணக்கில் ஏறக்குறைய 6 லிட்டர். 350, 400, 680 எல்லாம் இதே கணக்குதான். 1948-ல் ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காக அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய நிறுவனத்தின் இன்ஜின்கள், தஞ்சாவூர்ச் சாலைகளில் ஒரு தலைமுறையையே ஏற்றி இறக்கியவை. கும்பகோணம் ராமன் அண்ட் ராமன் கம்பெனியின் பஸ்களை அரசு எடுத்துக்கொண்டு, 1972-ல் சோழன் போக்குவரத்துக் கழகம் பிறந்ததை ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். அந்தக் காலத்து வண்டிகளில் இன்ஜின் டிரைவருக்கு இடப்பக்கம், பஸ்ஸுக்குள்ளேயே இருக்கும். பேனட் மேல் சாக்கை விரித்து உட்கார்ந்து போனவர்களுக்கு இன்ஜின் சூடு எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எரிகிற டீசலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை இழுக்கிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைத் தண்ணீர் வாங்கி, ரேடியேட்டர் வழியாகக் காற்றுக்குக் கொடுத்தாக வேண்டும். வண்டி வேகமாகப் போனால் எதிர்க்காற்றே பாதி வேலையைப் பார்த்துவிடும். வாய்க்காலுக்கு வாய்க்கால் குறுகிய பாலம், ஊருக்கு ஊர் நிறுத்தம், இரண்டாவது கியரில் ஊர்வது என்று இருக்கிற டெல்டாச் சாலையில் அந்த உதவி கிடைக்காது. ஆடி மாதம் மேல்காற்று அடிக்கும்போது பட்டுக்கோட்டையிலிருந்து முத்துப்பேட்டைப் பக்கம் கிழக்கே போகிற வண்டி அதிகமாகச் சூடேறுவதற்கும் இதுவே காரணம். காற்று முதுகில் அடிக்கிறது. முகத்துக்கு எதுவும் வருவதில்லை. அப்போது எல்லாப் பாரமும் விசிறி மேல்தான்.

இந்த வண்டியின் டிரைவர், அதிராம்பட்டினம் போய்ச் சேர்வதற்குள் முள் சிவப்பைத் தொட்டுவிடுகிறது என்றார். “பெரிய விசிறியா மாட்டிடலாமாண்ணே?” என்று கேட்டார்.

மெக்கானிக் பதில் சொல்லவில்லை. டார்ச் அடித்து ரேடியேட்டரைப் பார்த்தார். தகடுகளுக்கு நடுவே நெல் பதரும் வைக்கோல் தூசியும் அடைத்திருந்தன. அதற்கு மேல், ஈரம் பட்டுக் களிம்பாக இறுகிப்போன தென்னை நார்த் தூள். சம்பா அறுவடைச் சமயத்தில் இந்தப் பக்கம் ஓடுகிற எந்த வண்டியின் முகத்தைப் பார்த்தாலும் இதே கோலம்தான். கயிறு, நார் மில்கள் இருக்கிற சாலையில் அறுவடை முடிந்தும் ஓயாது. உள்ளேயும் அடைப்பு இருக்கும். கடலோரத்து உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் குழாய்களுக்குள் காரை படிந்திருக்கும். அதை எடுக்க மேல் தொட்டியைப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய கம்பியை விட்டுக் குத்த வேண்டும். கல்லணைக் கால்வாயான புது ஆற்றின் தண்ணீர் கிடைக்கிற இடத்தில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதீர்கள் என்று பழைய டிரைவர்கள் சொன்னது வெறும் வழக்கமல்ல.

பெரிய விசிறி ஏன் தீர்வு ஆகாது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. விசிறியின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்றும் இரண்டு மடங்காகும். ஆனால் அதைச் சுற்றுவதற்கு இன்ஜின் செலவழிக்கும் சக்தி எட்டு மடங்காகும். விட்டத்தைக் கூட்டினால் இதைவிட மோசம். அடைபட்ட ரேடியேட்டருக்குப் பெரிய விசிறி மாட்டுகிறவர், டீசலை எரித்துப் பதரை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார். புதிய வண்டிகளில், சூடு ஏறும்போது மட்டும் பிடிப்புக் கொடுக்கிற கிளட்ச் விசிறி வந்ததே இந்தச் செலவைக் குறைக்கத்தான்.

ரேடியேட்டரைக் கழற்றி வைத்ததும் விசிறி வெளிச்சத்துக்கு வந்தது. தகடு இறக்கைகளை நடுத்தட்டில் ரிவெட் அடித்த பழைய இரும்பு விசிறி. ஒரு இறக்கையின் அடியில் வெல்டிங் தழும்பு. எப்போதோ யாரோ வைத்தது. மெக்கானிக் விசிறியை மண்ணெண்ணெயில் முக்கி எடுத்தார். பழைய வேட்டித் துணியால் ஈரம் போகத் துடைத்தார். சாக்பீஸை இடித்துத் தூளாக்கி இறக்கைகளின் அடியில் பூசிவிட்டு, டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது வெள்ளைப் பூச்சில் மயிரிழைக் கோடு ஒன்று கறுத்திருந்தது. தழும்பின் ஓரத்தில் தொடங்கி ரிவெட் துளைவரை போயிருந்தது. விரிசலுக்குள் புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து தூளை நனைத்திருந்தது. அந்த இறக்கையின் நேர் எதிர் இறக்கையிலும் அதேபோல் ஒன்று, இன்னும் குட்டையாக. வெறும் கண்ணால் பார்த்திருந்தால் இரண்டுமே தெரிந்திருக்காது.

“இன்னொரு வெல்டிங் வச்சா ஓடாதாண்ணே?”

“ஓடும் தம்பி. எத்தனை நாள் ஓடும்னு உன்னால சொல்ல முடியுமா?”

இந்த இடத்தில்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 20 அங்குல விசிறி நிமிடத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றினால், இறக்கை நுனியின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர். வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்து இரும்பு சூட்டில் தன் குணம் மாறி, அதிர்வில் மறுபடியும் அங்கேயே விரியும். வெல்டிங் கூட்டுகிற எடையால் சமநிலை கெடும். சமநிலை கெட்டால் பேரிங் ஆடும். பேரிங் ஆட ஆட விரிசல் வளரும். ஒருநாள் இறக்கை பிய்த்துக்கொண்டு கிளம்பும். முன்னே போனால் ரேடியேட்டரைக் கிழிக்கும். பக்கவாட்டில் போனால் அங்கே டிரைவரின் கால் இருக்கிறது. அல்லது பேனட்டைத் திறந்துபோட்டு ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்க்கிற பையனின் முகம் இருக்கிறது. விசிறி சுற்றும்போது அதன் நேர்ப்பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. இதை ஒவ்வொரு பட்டறையும் வேலைக்கு வருகிற பையனுக்கு முதல் நாளே சொல்லித்தர வேண்டும்.

மாற்று விசிறிக்கு அலைய வேண்டியிருந்தது. சென்னை புதுப்பேட்டையிலிருந்து வந்த பழைய விசிறிக்கும் அதே மண்ணெண்ணெய், சாக்பீஸ் சோதனை நடந்தது. தேறவில்லை. கடைசியில் திருச்சியில் ஒரு பழைய கடையில், பிரிக்காத சரக்காக ஒன்று கிடைத்தது. 50 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு தரும் மத்திய அரசு விதி 2021-ல் வந்தது. அது இரு சக்கர வண்டிகளுக்கும் கார் வகைக்கும்தான். பஸ்ஸுக்கு இடமில்லை. ஊரையே சுமந்த வண்டிக்கு அந்த மரியாதை இல்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. விதி மாறினால், இப்படிப்பட்ட உதிரிகளைச் செய்து விற்க யாராவது முன்வருவார்கள்.

மாட்டுகிற வேலை சீக்கிரம் முடிந்தது. தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, ஆட்டம் இருந்ததால் பேரிங்கும் புதிதாகப் போட்டார்கள். பழைய போல்ட்டுகளையும் ஸ்பிரிங் வாஷர்களையும் திரும்பப் போடவில்லை. விசிறியில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று மெக்கானிக் மறுபடி மறுபடி பார்த்தார். திருப்பி மாட்டினாலும் காற்று அதே திசையில்தான் வரும். ஆனால் இறக்கையின் குழிவு மாறிப்போய் வலு குறைந்துவிடும். அதனால் இந்தத் தவறு மாதக்கணக்கில் கண்ணில் படாமல் இருக்கும். வண்டி மட்டும் கொதித்துக்கொண்டே இருக்கும். பிறகு விசிறியைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, சுற்றியுள்ள தகட்டுக் கூண்டில் எங்கும் உரசவில்லை என்று பார்த்தார்கள். பெல்ட்டும் புதிதுதான். அதன் நீளமான பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் பேரிங் போகும், தளர்ந்தால் வழுக்கும்.

சுத்தம் செய்த ரேடியேட்டரை ஏற்றித் தண்ணீர் நிரப்பி ஸ்டார்ட் செய்ததும், முகப்பில் ஒரு தினத்தாள் பக்கத்தை வைத்தார் மெக்கானிக். ஒட்டிக்கொண்டு நின்றது. அன்று சாயங்காலம் ஆள் ஏற்றாமல் அதிராம்பட்டினம் போய்த் திரும்பியதில் முள் நடுவைத் தாண்டவில்லை. மறுநாள் காலை, இன்ஜின் ஆறிய நிலையில், விசிறி போல்ட்டுகளையும் பெல்ட்டையும் இன்னொரு முறை இறுக்கினார்கள். புது பெல்ட் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் நீளும். அதைக் கவனிக்காமல் விட்டால் செய்த வேலை பாதி வீண்.

அடுத்த வாரம் இதே வண்டியின் கூட்டைப் பற்றி எழுதுகிறேன். அதற்காகப் பஸ் கூடு கட்டுகிற கரூருக்குப் போக வேண்டும்.

(தொடரும்)