திடீர் வறட்சி எப்படி இயங்குகிறது? – குடலை இட்லிக் கணக்கு

காஞ்சிபுரம் குடலை இட்லி நிதானமாக வேகும். மூங்கில் குடலையில் மந்தாரை இலை, அதற்குள் மாவு, பானையின் அடியில் கொதிநீர். மேலே இட்லி பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அடியில் தண்ணீர் வற்றியிருக்கலாம். காஞ்சிபுரம் அருகே உள்ள கூரம் ஊரின் வயலில் திடீர் வறட்சி நுழைவதும் இப்படித்தான்.

பானைத் தண்ணீர்: வேர் எட்டும் ஆழத்தில் மண் பிடித்துவைத்திருக்கும் ஈரம். மழை நின்றால் மேற்கொண்டு ஊற்ற ஆளில்லை.

அடுப்புத் தீ: வெயிலும் வறண்ட காற்றும். மழை குறைவதால் மட்டும் வரும் வறட்சி மாதக்கணக்கில் ஊர்ந்து வரும். மழை நின்று, மேகம் விலகி, தீயும் ஏறினால் சில வாரங்களே போதும். ஈரம் தீர்ந்ததும் ஆவியாக நீரில்லை; வெயில் முழுவதும் நிலத்தையும் காற்றையுமே சுடுகிறது. வறட்சி தன் தீயைத் தானே ஏற்றிக்கொள்கிறது.

தீய்ந்த வாசம்: அது வரும்போது தண்ணீர் தீர்ந்திருக்கும். இலையின் பச்சையைப் பார்க்கும் செயற்கைக்கோள் படமும் அப்படித்தான். பச்சை மங்கும்போது மண் ஏற்கெனவே காய்ந்திருக்கும்.

மொத்த மழைக் கணக்கும் ஏமாற்றும். 2023 ஜூலையில் நாட்டின் மழை இயல்பைவிட 13% அதிகம். ஆகஸ்டில் 36% குறைவு. 1901-க்குப் பின் அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் இல்லை. ஆனால் பருவ முடிவில் பற்றாக்குறை 6% மட்டுமே. அந்தச் சின்ன எண்ணுக்குள்தான் கர்நாடகத்தின் 195 வறட்சி வட்டங்களும் காவிரிப் படுகையில் கருகிய குறுவையும் இருந்தன.

என்ன செய்யலாம்? பானைக்குள் ஒரு நாணயம் போட்டால், தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அது கடகடக்கும். சத்தம் ஓய்ந்தால் நீர் தீர்ந்தது. வயலுக்கு அந்த நாணயம் மண் ஈரமானி. தீயை அளக்க, இந்திய வானிலை ஆய்வுத் துறை பருவமழைக் காலத்தில் வெளியிடும் வறள்நிலை வரைபடங்கள் உதவும். பயிருக்கு வேண்டிய நீருக்கும் கிடைக்கும் நீருக்கும் உள்ள இடைவெளி அவற்றில் தெரியும்.

சத்தம் ஓய்ந்தால் ஊற்ற நீரும் கைவசம் வேண்டும். பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு கால்வாய் வெட்டி, கூரத்தில் பரமேசுவரத் தடாகத்துக்கு நீர் கொண்டுவந்ததை 7-ஆம் நூற்றாண்டுக் கூரம் செப்பேடு சொல்கிறது. இன்றும் ஏரி, வரத்துக்கால் தூர்வாரும் வேலை மழைக்கு முன்பே முடிய வேண்டும். எந்த மடையை எப்போது திறப்பது என்பதையும் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

சம்பா நடவுக்கு முன் கிராம சபையில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். இந்த வாரம் மண் எவ்வளவு இழந்தது என்றும் கேளுங்கள்.