அடுப்பில் ஏறாத பலகாரம் – பிப்ரவரி 14க்கு ஒரு குச்சி பிஸ்கட் உருண்டை



பொங்கல் வியாபாரம் முடிந்துவிட்டால் மளிகைக் கடைக்காரருக்குக் கொஞ்ச காலம் கை ஓய்ந்துவிடும். வெல்லம், பச்சரிசி, முந்திரி எல்லாம் போன வேகத்தைப் பார்த்த கண்ணுக்குப் பிப்ரவரி மாதக் கல்லா வெறிச்சென்று தெரியும். அந்த மந்தமான மாதத்தின் நடுவில் 14ஆம் தேதி காதலர் தினம் வருகிறது. அந்த நாள் சாக்லேட் கம்பெனிக்கும் பூக்கடைக்கும் உரியது, அரிசி பருப்பு விற்பவனுக்கு அதில் என்ன வேலை என்று நாங்களும் பல ஆண்டுகள் நினைத்திருந்தோம். அது தவறு என்று இரண்டு நஷ்டங்களுக்குப் பிறகே புரிந்தது. நாங்கள் பட்டதை நம் உறுப்பினர்கள் படாமல் இருக்கட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

எங்கள் மொத்தக் கடை கடப்பாக்கத்தில் இருக்கிறது. மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஊர் இது. பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்த கோட்டை. ஒரு காலத்தில் அங்கே நாணயச் சாலை இருந்தது. துறைமுகத்திலிருந்து ஜரிகைத் துணியும் உப்பும் நெய்யும் கப்பலேறின. இன்று இடிந்த மதிலும் உப்பங்கழியும் பார்க்கச் சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து இளவட்டங்கள் வருகிறார்கள். காதலர் தினத்தை ஒட்டிய நாட்களில் கூட்டம் இன்னும் கூடுகிறது.

இடைக்கழிநாடு என்ற எங்கள் பகுதி சங்க காலத்திலேயே பெயர் பெற்றது. சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனார் இந்த மண்ணைச் சேர்ந்தவர். எந்த ஊரில் வழிப்போக்கருக்கு என்ன உணவு கிடைக்கும் என்று அந்த நூல் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும். ஆக, வழியில் போகிறவருக்கு வயிற்றுக்குக் கொடுப்பது இங்கே அன்று தொட்டு உள்ள வழக்கம்.

காதலர் தினம் நம் பண்பாட்டுக்கு ஏற்றதா என்று சிலர் கேட்பதுண்டு. 1999இல் அந்தப் பெயரிலேயே தமிழில் படம் வந்துவிட்டது. வேண்டும், வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்வது கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் வேலையல்ல. கேட்பவருக்கு நல்ல சரக்கை நியாயமான விலையில் கொடுப்பதே நம் வேலை. அறுபதைக் கடந்த நாங்களே இப்படிச் சொல்லும்போது இளைய வியாபாரிகள் தயங்க வேண்டியதில்லை.

முதல் நஷ்டம்

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன், இந்த நாளை நம்பிப் பரிசுச் சாக்லேட் பெட்டிகளைப் பெரிய அளவில் கொள்முதல் செய்தோம். இதய வடிவப் பெட்டி, மேலே சிவப்பு ரிப்பன். அந்த வடிவப் பெட்டியை இங்கிலாந்தின் கேட்பரி குடும்பம் 1860களிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அங்கே குளிர் நாடு. இங்கே தகரக் கூரைக் கிடங்கு.

சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகும். அதற்கு முன்பே இளக ஆரம்பித்துவிடும். பகலில் இளகி, இரவில் இறுகி, மேலே வெள்ளை பூத்துவிட்டது. அது பூசணம் அல்ல, மேலே வந்து உறைந்த கொழுப்புதான். தின்றால் கெடுதல் இல்லை. ஆனால் எந்த வாடிக்கைக்காரர் அதை நம்புவார்? பாதிப் பெட்டி தேங்கிற்று. பிப்ரவரி 15ஆம் தேதி காலையில் இதய வடிவப் பெட்டியைப் போல விலைபோகாத சரக்கு உலகத்தில் கிடையாது.

கல்யாணத்துக்குப் பிறந்த பிஸ்கட்

மறு ஆண்டு எங்கள் கண்ணைத் திறந்தவர், பக்கத்து மீனவர் குப்பத்து மகளிர் குழுவைச் சேர்ந்த ஒரு பெண். மேரி பிஸ்கட், கண்டென்ஸ்டு மில்க், கோகோ பவுடர், சாக்லேட் காம்பவுண்டு என்று பட்டியலோடு வந்தார். "இத்தனை எதுக்கும்மா, பேக்கரி வைக்கிறியா?" என்று கேட்டோம். "இல்லைங்க ஐயா, அவன் அடுப்பெல்லாம் எங்ககிட்ட ஏது? இது அடுப்பே இல்லாமல் செய்யறது. குச்சியில குத்திக் கொடுப்போம்" என்றார்.

யோசித்துப் பார்த்தால் இது நமக்குப் புதிதல்ல. பொட்டுக்கடலை மாவு, சர்க்கரை, நெய் சேர்த்து மாலாடு பிடிப்பதும் இதே கணக்குத்தான். மாவுக்குப் பதில் பிஸ்கட் தூள், நெய்க்குப் பதில் பால், மேலே ஒரு சாக்லேட் பூச்சு. குச்சி மிட்டாயும் குச்சி ஐஸும் பார்த்த பிள்ளைகளுக்குக் குச்சி என்றாலே தனி ஆசை. இலங்கையில் மேரி பிஸ்கட்டைப் பாலில் நனைத்து, சாக்லேட் கலவையோடு அடுக்கடுக்காக வைத்துக் குளிரவைக்கும் பிஸ்கட் புட்டிங், வீட்டு விசேஷங்களில் சாதாரணமாகப் பரிமாறப்படுகிறது. அதற்கும் சுடும் வேலை கிடையாது.

மேரி பிஸ்கட்டுக்கும் இந்த நாளுக்கும் ஒரு பொருத்தமும் உண்டு. 1874இல் ரஷ்ய இளவரசி மரியாவுக்கும், விக்டோரியா மகாராணியின் மகனான எடின்பரோ கோமகனுக்கும் திருமணம் நடந்தது. அதை முன்னிட்டு லண்டன் பீக் ஃப்ரீன் கம்பெனி மணப்பெண்ணின் பெயரால் செய்த பிஸ்கட் அது. காய்ச்சல்காரருக்கு வாங்கிக்கொண்டு போகும் பிஸ்கட் உண்மையில் கல்யாண பிஸ்கட்!

செய்முறை

கேட்கும் வாடிக்கைக்காரருக்குக் கடைக்காரரே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சொல்லத் தெரிந்தால்தான் ஐந்து சரக்கும் ஒரே பில்லில் போகும்.

மேரி பிஸ்கட் 250 கிராம், கண்டென்ஸ்டு மில்க் ஏறத்தாழ 150 கிராம், கோகோ பவுடர் இரண்டு மேசைக்கரண்டி, உருக்கிய வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. பிஸ்கட்டை மிக்ஸியில் நைசாகப் பொடித்துச் சலித்து, கோகோ, வெண்ணெய் சேர்க்க வேண்டும். பாலை ஒரேயடியாக ஊற்றக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசைந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் பதம் வந்ததும் நிறுத்த வேண்டும். பால் கூடினால் உருண்டை குச்சியிலிருந்து வழுக்கி இறங்கிவிடும். 20 கிராம் அளவில் பிடித்தால் இருபது உருண்டை வரும்.

அடுத்து சாக்லேட் காம்பவுண்டு 200 கிராம். அடியில் கொதிநீர்ப் பாத்திரம் வைத்து, மேல் கிண்ணத்தில் உருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சாக்லேட் திரிந்து கட்டியாகிவிடும். குச்சியின் நுனியை அதில் தோய்த்து, உருண்டையில் பாதி ஆழம் வரை குத்தி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். நுனியில் இருக்கும் சாக்லேட் இறுகி, குச்சியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு முழு உருண்டையையும் சாக்லேட்டில் முக்கி எடுத்து, மேலே கலர் சர்க்கரை முத்து தூவலாம். காயவைக்கத் தெர்மாகோல் தேட வேண்டாம். ஒரு படியில் அரிசியை நிரப்பிக் குச்சியை நட்டுவைத்தால் போதும். அந்தப் பெண் அப்படித்தான் செய்தார்.

இன்றைய விலையில் இருபது குச்சிக்குச் சரக்குச் செலவு 200 முதல் 250 ரூபாய்க்குள் அடங்கும். ஒன்று 20 ரூபாய்க்குப் போனாலும் செய்பவருக்குக் கூலி நிற்கும். கடைக்காரருக்கு ஐந்து சரக்கு விற்ற லாபம். விற்காவிட்டாலும் மேரி பிஸ்கட் மறுநாள் மேரி பிஸ்கட்டாகவே இருக்கும். இதய வடிவப் பெட்டியைப் போலத் தேதி தாண்டித் தேங்காது.

இரண்டாவது நஷ்டம்

இனி எழுதக் கூச்சப்படும் செய்தி. எழுதாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே பயன் இல்லை.

அந்தக் குழுவுக்கு ஒரு கடற்கரை விடுதியிலிருந்து 200 குச்சிக்கு ஆர்டர் வந்தது. அவ்வளவு பெரிய ஆர்டர் அவர்களுக்கு அதுதான் முதல். காலாவதிக்குப் பத்து நாள் மீதியிருந்த மேரி பிஸ்கட் இரண்டு பெட்டி எங்கள் கிடங்கில் கிடந்தது. "எப்படியும் தூளாக்கத்தானே போறே, பாதி விலைக்கு எடுத்துக்கம்மா" என்று கொடுத்தோம். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வாங்கிப் போனார். உதவி செய்தோம் என்ற திருப்தியில் அன்று நன்றாகத் தூங்கினோம்.

தேதி சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெட்டிகள் கிடங்கில் சலவை சோப்புக்குப் பக்கத்தில் இருந்தவை. எங்கள் ஊர் உப்புக் காற்று ஈரமானது. சரியாக ஒட்டாத பொட்டலத்தில் பிஸ்கட் நமுத்து, சோப்பு வாடையையும் இழுத்துக்கொண்டது. கோகோ வாசனையில் செய்தவர்களுக்குத் தெரியவில்லை. வாயில் போட்டவருக்குத் தெரிந்தது. 200 குச்சியும் திரும்பி வந்துவிட்டது. விடுதிக்காரர் கோபித்ததில் நியாயம் உண்டு.

மறுநாள் அந்தப் பெண் கடைக்கு வந்தார். சண்டை போடவில்லை. ஒரே ஒரு குச்சியை மேசைமேல் வைத்து, "நீங்களே சாப்பிட்டுப் பாருங்க ஐயா" என்றார். சாப்பிட்டுப் பார்த்தோம். பதில் சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் பிழை எங்கே என்று அப்போதுதான் விளங்கியது. ரவையில் கொஞ்சம் பழைய வாடை இருந்தால் வறுக்கும்போது போய்விடும். பருப்பைக் கழுவி வேகவைக்கிறார்கள். மாவு எண்ணெயில் பொரிகிறது. நெருப்பு நம் சரக்கின் குறையை எத்தனையோ முறை மறைத்துக் கொடுத்திருக்கிறது. அடுப்பில் ஏறாத பலகாரத்துக்கு அந்தக் காப்பு இல்லை. கிடங்கில் எப்படி இருந்ததோ அப்படியே வாடிக்கைக்காரர் நாக்குக்குப் போகிறது. அவர்கள் சமையலில் குறை இல்லை. சரக்கில்தான் குறை.

பிஸ்கட் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். 200 குச்சிக்கும் புதுச் சரக்கு இலவசமாகக் கொடுத்தோம். விடுதிக்கு நாங்களே போய், தவறு கடையுடையது, பெண்களுடையது அல்ல என்று சொன்னோம். அந்தக் குழு இன்றும் எங்களிடம்தான் வாங்குகிறது. ஆனால் ஒவ்வொரு பெட்டியையும் பிரித்து முகர்ந்து பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. பார்க்கட்டும்.

கடைக்காரர் கவனிக்க வேண்டியவை

முதலில் கிடங்கு. பிஸ்கட், கோகோ, சாக்லேட் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் சோப்பு, ஊதுவத்தி, பினாயில், கருவாடு எதுவும் கூடாது. தரையில் படாமல் பலகைமேல் அடுக்க வேண்டும். முந்தி வந்த சரக்கு முந்திப் போக வேண்டும்.

அடுத்து தேதி. காலாவதியான உணவுப் பொருளை விற்பது சட்டப்படி குற்றம். தேதி நெருங்கிய சரக்கைக் கம்பெனி ஆளிடம் திருப்ப முடிந்தால் திருப்புங்கள். சலுகை விலையில் கொடுப்பதானால், தேதியை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். அடுப்பில் ஏறாத பலகாரத்துக்கு என்று கேட்பவருக்கு மட்டும் எந்த விலைக்கும் அதைக் கொடுக்காதீர்கள்.

பிறகு வரி. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சாக்லேட், கோகோ பவுடருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், கண்டென்ஸ்டு மில்க், வெண்ணெய்க்கு 12லிருந்து 5 ஆகவும் குறைந்தது. கணக்கு விவரம் கேட்கும் வீட்டுத் தயாரிப்பாளருக்கு இதை எடுத்துச் சொன்னால் நம் மேல் நம்பிக்கை கூடும்.

கடைசியாக, செய்து விற்பவர் வீட்டுப் பெண்களே ஆனாலும் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். வாடிக்கையாக வாங்குபவருக்கு இதை நினைவூட்டுங்கள். பூச்சுக்குக் காம்பவுண்டு போட்டால் சீட்டில் அப்படியே எழுதச் சொல்லுங்கள். செய்த உருண்டை ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாளுக்குமேல் இருக்க வேண்டாம். வெளியே வெயிலில் அடுக்கவே கூடாது.

முடிவாக ஒரு செய்தி. ஜப்பானில் பிப்ரவரி 14இல் பெண்கள் ஆண்களுக்குச் சாக்லேட் கொடுப்பது வழக்கம். வாங்கியவர் திருப்பிக் கொடுக்க ஒரு நாள் வேண்டாமா என்று அந்நாட்டு மிட்டாய்த் தயாரிப்பாளர் சங்கம் கூடிப் பேசி, 1980 முதல் மார்ச் 14ஐ அதற்கென்று நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வியாபாரிகள் ஒன்றுகூடினால் நாட்காட்டியிலேயே ஒரு நாளை உண்டாக்க முடியும். நமக்கு மே 5 வணிகர் தினம் எவ்வளவு பெருமையோ, அவ்வளவு பெருமை நம் கடைச் சரக்கை ஒருவர் முகர்ந்து பார்க்காமலே வாங்கிப் போவதிலும் இருக்கிறது. அந்தக் குப்பத்துப் பெண்கள் எங்கள் பெட்டியை அப்படி வாங்கும் நாளுக்காக நாங்கள் இன்னும் காத்திருக்கிறோம்.

வணிகர் ஒற்றுமை ஓங்குக!