பருவத்துக்கு வராத பசுவும் புரோஜெஸ்டிரோன் கருவியும்

வங்கியில் இருந்த காலத்தில் கறவை மாட்டுக் கடன் விண்ணப்பங்களில் ‘ஆண்டுக்கு ஒரு கன்று’ என்று சர்வசாதாரணமாக எழுதுவோம். ஓய்வுபெற்று சிதம்பரம் பக்கத்தில் மாடு கட்டிய பிறகுதான் அந்தக் கணக்கு எவ்வளவு இறுக்கமானது என்று புரிந்தது. சினைக்காலம் சுமார் 280 நாள். மீதி 85 நாளுக்குள் மறுபடி சினை பிடிக்க வேண்டும். ஒரு பருவம் தவறினால் 21 நாள் போச்சு.

என் கலப்பினப் பசு ஒன்று, கன்று ஈன்று ஐந்து மாதமாகியும் பருவத்துக்கு வரவில்லை. “உள்ளே ஒரு கருவி வச்சா சரியாயிடும் சார்” என்றார்கள். ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில், புரோஜெஸ்டிரோன் சேர்த்த சிலிக்கோன் கருவி அது. பருவத்தை வரவைக்கிற மருந்து என்றுதான் நானும் நினைத்தேன். உண்மையில் அது பருவத்தைத் தடுத்து நிறுத்தும் ஹார்மோன். சினைமாடு பருவத்துக்கு வராமல் இருப்பதே இந்த ஹார்மோனால்தான்.

கருவி வைத்த சில மணி நேரத்தில் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் ஏறிவிடும். அதனால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனை விட்டு விட்டு அனுப்பும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இங்கேதான் டெஸ்டோஸ்டிரோன் வருகிறது. ஆண் ஹார்மோன் என்று நாம் ஒதுக்கும் அது பசுவின் சினைப்பையிலும் உண்டு. முட்டை வளரும் சிறு பையின் வெளிப்புற செல்கள் எல்.எச். தூண்டினால் டெஸ்டோஸ்டிரோன் போன்றவற்றைச் செய்யும். உட்புற செல்கள் அதை வாங்கி ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். மாடு கத்துவதும் வழும்பு ஒழுகுவதும் ஈஸ்ட்ரோஜன் உச்சத்துக்குப் போகும்போதுதான். எல்.எச். குறைந்தால் அந்த உச்சம் வராது. (காளைக்கும் மனிதருக்கும்கூட இதே வழிதான். புரோஜெஸ்டின் வகை மருந்து ஆணின் டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பதாலும் சைப்ரோட்டிரோன் என்ற மருந்தைப் புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கொடுத்தார்கள்.)

ஏழு முதல் ஒன்பது நாளில் கருவியை எடுப்பார்கள். ஒரே நாளில் புரோஜெஸ்டிரோன் இறங்கும், எல்.எச். வேகமெடுக்கும், ஈஸ்ட்ரோஜன் ஏறும். இரண்டு மூன்று நாளில் மாடு பருவத்துக்கு வரும். மதகை இறக்கி வைத்திருந்து திறப்பது மாதிரி. வீராணத்தில் தண்ணீர் இல்லாமல் மதகை மட்டும் திறந்தால் வாய்க்காலில் என்ன வரும்?

நான் செய்த தப்பு வேறு. மழையில் ஆள் கிடைக்காமல் பதினான்காம் நாள்தான் எடுத்தோம். நாளாக ஆகக் கருவியிலிருந்து வரும் மருந்து குறையும். அந்த அரைகுறை அளவு எல்.எச்.சை முழுசாக அடக்காது, முட்டை வெடிக்கவும் விடாது. ஒரே முட்டைப்பை நாள்கணக்கில் வளர்ந்து, உள்ளே முட்டை முதிர்ந்துவிடும். பருவம் நன்றாகத் தெரிந்தது, சினை ஊசியும் போட்டோம், நிற்கவில்லை.

அப்புறம்தான் தொட்டியைப் பார்த்தேன். எங்கள் பக்கம் சம்பா வைக்கோல்தான் முக்கியத் தீவனம். அதில் புரதமும் பாஸ்பரஸும் குறைவு. உடல் வற்றிய மாட்டில் எல்.எச். ஏற்கெனவே சோர்ந்துதான் இருக்கும். உளுந்தங்கொடி, அகத்தி, கம்பு நேப்பியர், தினம் 50 கிராம் தாது உப்புக் கலவை என்று மாற்றினேன். இரண்டு மாதம் கழித்துத் தானாகவே பருவம் வந்தது. சினை நின்றது அதற்கடுத்த பருவத்தில்.

டாக்டர் புண்ணியமூர்த்தி பரப்பிய முறை நம்மில் பலருக்குத் தெரியும்: முள்ளங்கி, கற்றாழை, முருங்கை இலை, பிரண்டை, கறிவேப்பிலை என்று வரிசையாகக் கொடுப்பது. அதைப் பருவம் வந்த முதல் அல்லது இரண்டாம் நாளில் தொடங்க வேண்டும். பருவமே தெரியாத மாட்டுக்கு முதலில் தீவனத்தைத்தான் பார்க்கணும்.

அங்ககச் சான்று வைத்திருப்பவர்கள் கவனிக்க: தேசிய அங்கக உற்பத்தித் திட்ட விதிப்படி ஹார்மோன் கொடுத்துப் பருவம் வரவைக்கக் கூடாது. தனி ஒரு மாட்டுக்கு, மருத்துவக் காரணத்துக்காக, கால்நடை மருத்துவர் சொன்னால் மட்டுமே விலக்கு. அப்படி வைக்க நேர்ந்தால் மருத்துவரின் சீட்டைக் கோப்பில் வையுங்கள். கருவி வைத்த தேதியையும் எடுக்க வேண்டிய தேதியையும் கொட்டகைச் சுவரிலேயே எழுதிவிடுங்கள்.