முன்னுரை, பொருளுரை, முடிவுரை... அம்பேத்கர் எங்கே?

ஏப்ரல் 14 நெருங்கினால் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை வந்துவிடும்: அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள் போட்டிகள். பெயர் கொடுத்த மாணவரின் கையில் பெரும்பாலும் ஐந்து குறிப்புகள் கொண்ட ஒரு தாள் இருக்கும். முன்னுரை, பிறப்பும் இளமையும், கல்வி, ஆற்றிய பணிகள், முடிவுரை. 1891இல் மோவ் நகரில் பதினான்காவது பிள்ளையாகப் பிறந்தவர், நான்காம் பத்திக்குள் அரசமைப்புச் சட்டத்தை எழுதி முடித்துவிடுவார். ஐந்தாம் பத்தியில் ‘அவர் வழி நடப்போம்’. நூறு தாள் திருத்தினாலும் ஒரே தாளை நூறு முறை திருத்தியது போலத்தான் இருக்கும்.

இந்தப் போட்டிகளை யார் நடத்துகிறார்கள், எதற்கு நடத்துகிறார்கள், அதில் என்ன எழுதலாம்?

யார் நடத்துகிறார்கள்?

காந்தி, நேரு, அம்பேத்கர், பெரியார், அண்ணா, கலைஞர் ஆகியோரின் பிறந்த நாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் பேச்சுப் போட்டி நடத்துகிறது. பள்ளி மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் தனித்தனிப் போட்டி. முதல் பரிசு 5,000 ரூபாய், இரண்டாம் பரிசு 3,000, மூன்றாம் பரிசு 2,000. இவை தவிர, அரசுப் பள்ளி மாணவர் இருவருக்குத் தலா 2,000 ரூபாய் சிறப்புப் பரிசு உண்டு. ஒன்றிய அரசின் டாக்டர் அம்பேத்கர் அறக்கட்டளைக்கும் தேசிய அளவிலான கட்டுரைப் போட்டித் திட்டம் இருக்கிறது.

பெரியார் பிறந்த நாளைச் சமூக நீதி நாளாக 2021இலும், அம்பேத்கர் பிறந்த நாளைச் சமத்துவ நாளாக 2022இலும் தமிழக அரசு அறிவித்தது. அந்த நாள்களில் உறுதிமொழி எடுக்கிறோம். உறுதிமொழியை ஒருவர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொன்னால் போதும். கட்டுரையை அப்படி எழுத முடியாது. எழுதுகிறவர்தான் யோசித்தாக வேண்டும். போட்டியின் பயனே அதுதான்.

பரிசும் பேருந்தும்

போட்டி ஒரு மாணவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1944 ஏப்ரலில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டப்ளின் என்ற ஊரில் மாணவர் பேச்சுப் போட்டி ஒன்று நடந்தது. அட்லான்டாவிலிருந்து ஆசிரியையுடன் போன 15 வயது மாணவர், கறுப்பின மக்களும் அரசமைப்புச் சட்டமும் என்ற பொருளில் பேசிப் பரிசு பெற்றார். திரும்பும் பேருந்தில் வெள்ளையர் ஏறியதும் இடத்தைக் காலி செய்யச் சொன்னார் ஓட்டுநர். சட்டம் அப்படித்தான் இருந்தது. ஆசிரியையும் மாணவரும் ஏறக்குறைய 90 மைல் நின்றுகொண்டே வந்தார்கள். அந்த மாணவர் மார்ட்டின் லூதர் கிங். பேசியது ஒன்று, பேருந்தில் நடந்தது ஒன்று என்பதை அன்றிரவே பார்த்தவர், 1955இல் மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்புக்குத் தலைமை ஏற்றார்.

அம்பேத்கர் எப்படி எழுதினார்?

1916 மே மாதம், கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் 25 வயது மாணவரான அம்பேத்கர் இந்தியாவில் சாதிகள் பற்றி ஒரு கட்டுரை படித்தார். யாரையும் புகழவில்லை. சாதி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று கேட்டார். தன் சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் அகமண வழக்கம்தான் அதன் அச்சாணி என்று படிப்படியாக நிறுவினார்.

இருபது ஆண்டு கழித்து, லாகூரில் சாதி ஒழிப்புச் சங்கம் ஒன்று அவரைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையை முன்கூட்டியே படித்தவர்கள் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்றார் அம்பேத்கர். மாநாடே நின்றுபோனது. அந்த உரையை நூலாக்கி, 1936இல் சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். இரண்டே மாதத்தில் விற்றுத் தீர்ந்தன. அதைத் தமிழில் ‘குடி அரசு’ இதழ் வழியே கொண்டுவந்தவர் பெரியார். அழைத்தவர்களின் மனம் கோணாமல் எழுதியிருந்தால் அந்த நூல் நமக்குக் கிடைத்திருக்காது.

பெசன்ட் நகரில் என்ன இருக்கிறது?

கட்டுரைக்குப் பொருள் தேடி மோவ் வரை போக வேண்டியதில்லை. சென்னை பெசன்ட் நகரிலுள்ள ஆல்காட் நினைவுப் பள்ளி, 1894இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் பஞ்சமர் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இலவசப் பள்ளியின் வழிவந்தது. பஞ்சமர் என்பது அன்று ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கிய பெயர். அதே ஆல்காட்டைச் சந்தித்த அயோத்திதாசர், 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார்.

இனி நகரின் பெயருக்கு வருவோம். அன்னி பெசன்ட் 1909இல் ‘இந்தியன் ரிவியூ’ இதழில் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றம் பற்றி எழுதினார். அந்தப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்ப்பதை அவர் ஏற்கவில்லை; முதலில் தூய்மை பழக வேண்டும் என்றார். பஞ்சமர் பள்ளிகளை நடத்திய பிரம்மஞான சபைக்கு அப்போது அவர்தான் தலைவர். காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்று ஆராய்ந்த தமது 1945ஆம் ஆண்டு நூலில், அம்பேத்கர் இந்தக் கட்டுரையை விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார்.

ஒரு பேட்டைக்குள் இத்தனையும் இருக்கின்றன: கதவைத் திறந்த பள்ளி, தனிப் பள்ளியே போதும் என்ற கட்டுரை, அதைக் கேள்வி கேட்ட நூல். இவற்றை எதிரெதிரே வைத்து ஒரு பத்தாம் வகுப்பு மாணவி நான்கு பக்கம் எழுதினால், எந்த நடுவரும் தாளைப் புரட்டிவிட்டுப் போக முடியாது.

இன்னும் சற்றுத் தள்ளிப் போனால் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அயோத்திதாசருக்கும் இரட்டைமலை சீனிவாசனுக்கும் மணிமண்டபங்கள் இருக்கின்றன. பொதுத் தெருவில் யாரும் நடக்கலாம், பொதுக் கிணற்றில் யாரும் நீர் எடுக்கலாம் என்ற தீர்மானத்தைச் சென்னை சட்டமன்றத்தில் 1924இல் கொண்டுவந்தவர் சீனிவாசன். நடப்பதற்கே ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது.

எப்படி எழுதலாம்?

ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் குப்பை அள்ளுபவருக்குத் தண்ணீர் எந்தக் குவளையில் தருகிறோம்? வாடகை வீடு தேடும்போது உரிமையாளர் முதலில் என்ன கேட்கிறார்? கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். பிறகு அதைப் பற்றி அம்பேத்கர் என்ன சொன்னார் என்று அவர் நூலில் தேடுங்கள். அலைபேசியில் சுற்றும் பொன்மொழிகளில் வேண்டாம். அவர் சொல்லாத பலவும் அவர் பெயரில் உலவுகின்றன. நீங்கள் அவரோடு உடன்படாத இடம் இருந்தால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஏப்ரலில் அந்த ஐந்து குறிப்புத் தாளைக் கொடுக்காதீர்கள். அதற்குப் பதிலாக, பிள்ளைகளை ஒரு மாலை ஆல்காட் பள்ளி வாசல்வரை அழைத்துப் போய், 1894இல் இது யாருக்காகத் திறந்தது என்று மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தை அவர்கள் எழுதிக்கொள்வார்கள்.