ஆறு நொடிக் குண்டுகள்

போர் விமானியைப் பற்றிப் படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது கதாநாயகியை. பிறகு பாட்டுக்குப் பனிமலை. விமானம் கடைசியில், கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கணக்கில் வந்து சேரும். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினால்தான் படம் தேறும் என்பது என் கட்சி. 2017இல் மணிரத்னம் எடுத்த ‘காற்று வெளியிடை’யையே பாருங்கள். அதன் நாயகன் கார்கில் போர் விமானி. 1972இல் ராவல்பிண்டி போர்க்கைதி முகாமிலிருந்து திலீப் பருல்கரும் இரண்டு தோழர்களும் தப்பிய உண்மை நிகழ்ச்சியின் சாயல் கதையில் உண்டு. ஆனால் அவன் எந்த விமானத்தை ஓட்டினான், அதில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று படம் பார்த்தவர் யாரைக் கேட்டாலும் பதில் வராது. அவனை ஒரு கப்பல் அதிகாரியாக மாற்றியிருந்தாலும் காதல் காட்சிகளுக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

வேறு மாதிரி செய்யலாம் என்பதற்கு 1971 டிசம்பர் 14 காலை ஸ்ரீநகரில் நடந்த சண்டையை எடுத்துக்கொள்வோம். இந்திய விமானப் படைக்கு இதுவரை கிடைத்த ஒரே பரம்வீர் சக்ரா அந்தச் சண்டைக்குத்தான். அதைப் பெற்ற நிர்மல்ஜித் சிங் செகோன் ஓட்டியது ‘நாட்’ என்ற குட்டி ஜெட். பிரிட்டனின் ஃபாலண்ட் கம்பெனியில் பெட்டர் என்ற பொறியாளர் வடிவமைத்தது. சண்டை விமானங்களின் எடையும் விலையும் ஏறிக்கொண்டே போன காலத்தில், சின்னதாகச் செய்தால் நிறையச் செய்யலாம் என்று எதிர்த்திசையில் யோசித்தவர் அவர். விமானம் 1955இல் முதலில் பறந்தது. பிரிட்டன் அதைப் பயிற்சி விமானமாக மட்டும் வைத்துக்கொண்டது. இந்தியாவோ 1956இல் உரிமம் வாங்கி பெங்களூரில் தயாரித்தது. நீளம் 9 மீட்டருக்கும் குறைவு, இறக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 7 மீட்டர்கூட இல்லை. எங்கள் ஊரில் ஜங்ஷனிலிருந்து பேட்டைக்கு வரும் டவுன் பஸ் இதைவிட நீளம். எதிரே வந்த பாகிஸ்தானின் சேபர் விமானத்துக்கு இறக்கை அகலம் மட்டுமே 11 மீட்டருக்கு மேல்.

இந்தச் சின்ன உடம்புக்குள் திரைக்கதை ஆசிரியருக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. காற்று உள்ளே போகும் இரண்டு வாய்களின் ஓரத்திலும் தலா ஒரு 30 மில்லிமீட்டர் பீரங்கி. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 115 குண்டுகள். அந்தப் பீரங்கி நிமிடத்துக்கு 1,200 குண்டுக்குக் குறையாமல் சுடும் வேகம் கொண்டது. கணக்குப் போடுங்கள்: விரலை எடுக்காமல் அழுத்தினால் ஆறு நொடியில் எல்லாம் காலி. சினிமாவில் நாயகன் இடைவேளை வரை சுட்டுக்கொண்டே இருக்கிறான். நாட் விமானி அரை நொடி, ஒரு நொடியாகச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும். அதிலும் 1965 போரில் இந்தப் பீரங்கிகள் அடிக்கடி சிக்கிக்கொண்டு மானத்தை வாங்கின. வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு இன்னும் வேடிக்கை. தனியாகப் பிரேக் தகடு கிடையாது. தரையிறங்கும் சக்கரங்களையே பாதி இறக்கிக் காற்றைத் தடுப்பார்கள். நடுவானில், உயிர்ப் போராட்டத்தில், ஒரு விமானம் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு திரும்புகிறது! இப்படி ஒரு காட்சியை எந்தக் கதாசிரியரும் கற்பனையில் எழுத மாட்டார்.

சனங்கள் மனிதனைப் பார்க்க வருகிறார்கள், மெஷினை அல்ல என்று தயாரிப்பாளர் சொல்வார். நியாயமான பேச்சுதான். ஆனால் ஒற்றை இருக்கை விமானத்தில் அந்த மனிதனின் முகத்தை ஆக்சிஜன் முகமூடி மூடியிருக்கிறது. பக்கத்தில் பேச ஆள் இல்லை. அவன் யார் என்பது அவன் எடுக்கும் முடிவுகளில்தான் தெரியும், அந்த முடிவின் கனமோ அவன் கையில் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் புரியும். அந்த ஸ்ரீநகர் காலையையே பாருங்கள். பழைய சர்வதேச ஒப்பந்தப்படி போர் தொடங்கும் வரை ஸ்ரீநகரில் பாதுகாப்புச் சண்டை விமானங்களே நிறுத்தப்படவில்லை. அன்று தாக்க வந்தவை ஆறு சேபர்கள். ஓடுதளத்தில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு நாட் விமானியான கும்மன் முன்னால் கிளம்பினார். அவர் பின்னால் செகோன். ஏறியபின் இருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் பிரிந்துபோனார்கள். மர உச்சி உயரத்தில் தனியாகச் சுற்றிய செகோனிடம் இருந்தது அந்த ஆறு நொடிதான். இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பவனுக்கு பன்ச் வசனம் தேவைப்படாது.

கிராபிக்ஸில் எதையும் செய்யலாமே என்பது அடுத்த வாதம். செய்யலாம், ஆனால் எடை தெரியாது. 1927இல் ‘விங்ஸ்’ படத்தை எடுத்த வெல்மன் முதல் உலகப் போரில் விமானியாக இருந்தவர். மேகம் வரும்வரை படப்பிடிப்பை நிறுத்திவைத்துத் தயாரிப்பாளர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார். வெறும் நீல வானத்தில் விமானத்தின் வேகம் கண்ணுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். ‘டன்கிர்க்’கில் நோலன், இரண்டு இருக்கை யாக் விமானத்தை ஸ்பிட்ஃபயர் போல மாற்றி நடிகரை மேலே ஏற்றினார். நாட் விமானத்துக்கு அமைந்த பெரிய சினிமா வாய்ப்பு 1991இல் ‘ஹாட் ஷாட்ஸ்’ என்ற கேலிப் படம் என்பதை நினைத்தால் கொஞ்சம் வருத்தம்தான்.

மூன்றாவது ஆட்சேபத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். விருதுக் குறிப்பு செகோன் இரண்டு சேபர்களைத் தாக்கியதாகச் சொல்கிறது. பாகிஸ்தான் தரப்பு தன் விமானங்கள் அனைத்தும் திரும்பின என்கிறது. படம் எதைக் காட்டுவது? கேமராவை வானத்தில் கடவுள் மாதிரி நிறுத்தினால் இந்தச் சிக்கல் தீராது. விமானியின் இருக்கையில் வைத்தால் தானே தீர்ந்துவிடும். குண்டு பட்டதை அவன் பார்க்கிறான். அடுத்த கணம் தன் வாலில் இன்னொருவன். முன்னவன் விழுந்தானா என்று திரும்பிப் பார்க்க அவனுக்கு நேரமில்லை. அவன் கண்டதை மட்டும் காட்டினால் பொய்யும் சொல்ல வேண்டாம், வீரமும் குறையாது. ராணுவப் படங்களுக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆட்சேபமின்மைச் சான்று கேட்கப்படும் காலத்தில், அதிகாரிகள் முன்னால் வைக்கவும் இது நேர்மையான திரைக்கதை.

பஞ்சாபிக்காரர் கதை நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்கு: செகோனின் 18ஆம் ஸ்குவாட்ரன் 2020இல் தேஜஸ் விமானங்களோடு பறக்கத் தொடங்கியது நம் கோவை சூலூரில்தான். செலவும் மலைக்க வேண்டியதல்ல. தில்லி பாலம் அருங்காட்சியகத்தில் ஒரு நாட் நிற்கிறது. அனுமதி வாங்கி அதில் அளவெடுத்து, ஒருவர் மட்டும் நெருக்கி உட்காரும் விமானி அறையை இரும்பிலும் தகட்டிலும் செய்துவிடலாம். எங்கள் பேட்டை ஐ.டி.ஐ.யில் ஃபிட்டரும் வெல்டரும் படித்து வந்த பிள்ளைகளுக்கு இது கைக்கு அடங்காத வேலையில்லை. அதற்குள் நடிகரை உட்காரவைத்து, முகமூடியை மாட்டி, மூடியைச் சாத்திவிட்டு வசனகர்த்தா எழுதத் தொடங்கட்டும்.